காகிதக் கயிறு யார் கையில்?

பொழுது புலரும். படிப்பகத்தின் கதவு திறக்கும். இரவு வேலை முடித்து வந்த ஆலைத் தொழிலாளி திண்ணையில் அமர்வார். மூட்டை சுமக்கும் தோழர் தலைத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். ஏடு வந்து விழும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், எழுத்தறியாத ஒன்பது பேர் உற்றுக் கேட்பர். படித்து முடிப்பதற்குள் விவாதம் கிளம்பும், விவாதம் முடிவதற்குள் ஆலைச் சங்கு ஊதும்.

நம் தெருக்கள் அறிந்த காட்சி இது. நம்மில் பலர் அரசியல் பயின்ற பள்ளிக்கூடமும் அதுதான்.

தலைப்பைப் பார்த்தோம். தலையங்கத்தைப் படித்தோம். கருத்துப் படத்தைக் கண்டு சிரித்தோம். ஆனால், தோழர்களே, அந்த எழுத்தையெல்லாம் தாங்கி நின்ற தாளைப் பார்த்தோமா? அது எந்தக் காட்டில் மரமாக நின்றது, எந்தக் கடலைக் கடந்து வந்தது, அதற்கு எந்த நாட்டு நாணயத்தில் விலை கொடுத்தார்கள் என்று கேட்டோமா?

கேட்டதில்லை. கேட்கவேண்டிய காலம் வந்திருக்கிறது.

2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். கடலுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் உள்ள இலங்கையில் ஓர் அறிவிப்பு வந்தது. 'தி ஐலண்ட்' என்னும் ஆங்கில ஏடும், 'திவயின' என்னும் சிங்கள ஏடும் இனிச் சனிக்கிழமைகளில் அச்சாகா என்றார்கள். ஆட்சி தடை விதித்ததா? இல்லை. அச்சகத்தார் வேலைநிறுத்தமா? அதுவும் இல்லை. காகிதம் இல்லை! அவ்வளவுதான். அதே மாதத்தில், மேல் மாகாணத்துப் பள்ளிகளில் தேர்வுகளைத் தள்ளி வைத்தார்கள். பிள்ளைகள் படித்திருந்தார்கள், ஆசிரியர்கள் வினா எழுதியிருந்தார்கள், வினாவை அச்சிடத் தாளும் மையும் இல்லை!

இங்கே என்ன நடந்தது? இந்தியாவில் ஏடுகள் நிற்கவில்லை. ஆனால் மெலிந்தன. நியூஸ்பிரிண்ட் என்று அச்சகத்தார் சொல்லும் பத்திரிகைக் காகிதத்தின் விலை, 2020இல் இருந்ததைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிற்று. பக்கங்களைக் குறைத்தார்கள். விலையை ஏற்றினார்கள். தாங்க முடியாத சிற்றேடுகள் சந்தடியில்லாமல் கண்மூடின.

ஒரே காலம், ஒரே பண்டம், ஒரே உலகச் சந்தை. ஒரு நாடு தள்ளாடிற்று, ஒரு நாடு விழுந்தது. ஏன்? இரு நாடுகளையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

2010களின் பிற்பகுதியில் இந்தியா ஆண்டுதோறும் ஏறத்தாழ 13 லட்சம் டன் பத்திரிகைக் காகிதத்தை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. இலங்கை வாங்கியது சில பத்தாயிரம் டன். யானைக்குப் பக்கத்தில் முயல்! "பார்த்தீர்களா எங்கள் பெருமையை!" என்று டில்லியில் உள்ளவர்கள் மார்தட்டக் கூடும்.

மார்தட்டுமுன் கணக்குப் பார்க்கவேண்டும். இந்தியாவின் மக்கள் 140 கோடிக்கு மேல். இலங்கையின் மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம். அறுபது மடங்குக்கு மேல் வேறுபாடு! 13 லட்சம் டன்னைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால், ஒருவருக்கு ஒரு கிலோவும் தேறாது. ஆண்டு முழுவதற்கும் ஒரு கிலோவுக்குக் குறைவான தாள்! அந்தச் சின்னஞ்சிறு தீவின் சில பத்தாயிரம் டன்னைத் தலைக்குப் பங்கிட்டால், அது நமக்கு இளைத்ததன்று.

வியப்பில்லை. காரணம் பழையது. 1951இல் இந்தியாவில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். அதே ஐம்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் பாதிப் பேருக்கு மேல் படித்தவர்கள். கல்வி பரவிய இடத்தில் காகிதம் தேவைப்பட்டது. கைநாட்டு வைக்கும் நாட்டில் காகிதத்துக்கு என்ன வேலை? இறக்குமதிக் கணக்கு வணிகரின் கணக்கு மட்டுமன்று, வாசிப்பவரின் கணக்கும் ஆகும்.

இன்னொரு செய்தியையும் நாம் மனத்தில் கொள்ளவேண்டும். இறக்குமதி குறைந்தது என்று ஓர் எண்ணைக் காட்டினால், உடனே கைதட்டவும் கூடாது, கண்ணீர் வடிக்கவும் கூடாது. ஏன் குறைந்தது என்று கேட்கவேண்டும். வீட்டில் அரிசி வாங்குவது குறைந்தது என்றால், வயலில் விளைந்ததால் குறைந்ததா? வீட்டார் நோயில் படுத்ததால் குறைந்ததா? கையில் காசில்லாததால் குறைந்ததா? மூன்றும் குறைவுதான். முதலாவது வளம். இரண்டாவது நலிவு. மூன்றாவது பட்டினி. இந்த மூன்று குறைவுகளையும் இவ்விரு நாடுகளின் காகிதக் கதையில் காணலாம்.

முதற் குறைவைப் பார்ப்போம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்தியாவின் ஏடுகள் ஏறக்குறைய முழுவதும் அயல்நாட்டுத் தாளையே நம்பி இருந்தன. 1956 ஏப்ரலில், மத்தியப் பிரதேசத்து நேபாநகரில், நாட்டின் முதல் பத்திரிகைக் காகித ஆலையைப் பண்டித நேரு திறந்து வைத்தார். ஆண்டுக்கு 30,000 டன் என்பது திட்டம். அதே 1956இல் இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில், வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரே ஆண்டு! இரு நாடுகளும் ஒரே கனவைக் கண்டன.

ஆனால் பாதை பிரிந்தது. வாழைச்சேனை எழுதுதாளுக்கும் அட்டைக்கும் உதவியது, செய்தி ஏடுகளுக்கான தாளை அந்தத் தீவு வெளியிலிருந்தே வாங்கியது. பின்னர் போர்த்தீ சூழ்ந்த கிழக்கில் அந்த ஆலையும் நலிந்தது. இந்தியாவிலோ, எண்பதுகளில் அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. கேரளத்து வெள்ளூரில் ஒன்று. கன்னட நாட்டுப் பத்ராவதியில் ஒன்று. தமிழ்நாட்டில், காவிரிக் கரையில், புகளூருக்கு அருகே ஒன்று. 1979இல் தமிழ்நாட்டு அரசு நிறுவிய நிறுவனம், 1984இல் உற்பத்தி தொடங்கிய ஆலை. ஊருக்கே காகிதபுரம் என்று பெயர் வந்தது!

அந்த ஆலையின் சிறப்பு என்ன? கரும்புச் சக்கை! ஆலையில் சாறு பிழிந்தபின் அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்த சக்கையைக் கூழாக்கி, அதில் செய்தித்தாள் செய்து காட்டினார்கள் நம் தொழிலாளர்கள். கனடாவின் காட்டுமரம் செய்த வேலையைக் காவிரிக் கரைக் கரும்பு செய்தது. ஏடுகளின் தேவை ஏறிய அந்த ஆண்டுகளில், வெளிநாட்டுத் தாளின் பங்கு குறைந்தது. வயலில் விளைந்ததால் வந்த குறைவு அது. கைதட்ட வேண்டிய குறைவு!

அந்த வளர்ச்சிக்கு இடையே இன்னொரு நாடகமும் நடந்துகொண்டிருந்தது. காகிதம் அரிது, அந்நியச் செலாவணி அரிது என்று சொல்லி, இன்னாருக்கு இவ்வளவு தாள் என்று டில்லி பங்கிட்டது. 1962இல் காகிதக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1972இல், எந்த நாளேடும் பத்துப் பக்கத்தைத் தாண்டக் கூடாது என்ற கொள்கை வந்தது. பெருமுதலாளிகளின் ஏடுகள் தாளை விழுங்கிவிடுகின்றன, சிறியவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்றார்கள். சொன்ன காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஏகபோகத்தை எதிர்ப்பவர்கள் நாம், அந்தக் காரணத்தை எளிதில் தள்ளிவிட மாட்டோம். ஆனால் பங்கிடும் கரண்டி ஆளுவோர் கையில் அல்லவா இருந்தது! இன்று பக்கத்தை எண்ணுபவர் நாளை பத்தியை எண்ண மாட்டாரா? அதே 1972 அக்டோபரில், பென்னட் கோல்மன் வழக்கில், உச்சநீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடுகளைச் செல்லாதவை ஆக்கிற்று. காகிதத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்று புறப்பட்டு ஏட்டையே கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஒதுக்கீடு அடிபட்டது. வரி வந்தது! 1981இல் இறக்குமதித் தாளின்மீது 15 விழுக்காடு சுங்கவரி போட்டார்கள். ஏடுகள் மீண்டும் நீதிமன்றப் படியேறின. ஏடுகளுக்கு வரியே கூடாது என்பதில்லை, ஆயினும் மூச்சை முட்டச் செய்யும் வரி கூடாது, அரசு மறுபடி ஆய்ந்து பார்க்கட்டும் என்று 1984 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

இரண்டாவது குறைவுக்கு வருவோம்.

தொண்ணூறுகளின் நடுவில் இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. உலகச் சந்தையில் தாள் மலிவாகக் கிடைத்த ஆண்டுகளில், பெரிய ஏடுகள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரவழைத்தன. அதற்குள் எழுத்தறிவும் ஏறியிருந்தது, ஏடுகளும் பெருகியிருந்தன. அதனால் இறக்குமதி உயர்ந்தது. அந்த உயர்வில் ஒரு பாதி நமக்கு மகிழ்ச்சி, படிப்பவர் பெருகினர் என்பதால். மறுபாதி வேதனை, நம் ஆலைகள் படுத்தன என்பதால். நேரு திறந்து வைத்த நேபாநகர் ஆலை 2016இல் நின்றது, 2022இல்தான் மீண்டும் ஓடியது. வெள்ளூர் ஆலை 2019இல் நின்றது. மத்திய அரசு கைகழுவிய அந்த ஆலையைக் கேரள மாநில அரசு கையில் எடுத்து, 2022இல் மீண்டும் இயக்கியது. நமது காகிதபுரம் ஆலையோ, செய்தித்தாளில் ஆதாயம் இல்லையென்று, நாளடைவில் அச்சுத்தாளுக்கும் எழுதுதாளுக்கும் அட்டைக்கும் திரும்பியது.

உள்ளே ஆலை படுத்திருக்க, வெளியே விலை ஏற, நடுவே மறுபடியும் வரி! 2019 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் 10 விழுக்காடு. கூக்குரல் எழுந்தபின் 2020இல் 5 விழுக்காடு. அடுத்து வந்தது பெருந்தொற்று. வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் ஏட்டை நிறுத்தினார்கள். விளம்பரம் வற்றிற்று. 13 லட்சம் டன் அளவில் இருந்த இறக்குமதி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கணக்கேட்டில் அது அந்நியச் செலாவணிச் சேமிப்பு. உண்மையில் என்ன? வீட்டார் நோயில் படுத்ததால் அரிசி மிஞ்சிய கதை!

"கையில் பேசியை வைத்துக்கொண்டு காகிதத்துக்கு அழுகிறீர்களே" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். வாசிப்பவர்களில் பலர் கைப்பேசிக்கு மாறினார்கள் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. மாறட்டும், படிக்கட்டும், மகிழ்ச்சியே. ஆனால் கைப்பேசியில் எந்தச் செய்தி முதலில் நிற்கவேண்டும் என்பதை நம் ஆசிரியரா முடிவு செய்கிறார்? கடல்கடந்த ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி முடிவு செய்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு மாவட்டத்தின் இணையத்தையே நிறுத்திவிடுகிறார்களே, அப்போது அந்த ஏட்டை எங்கே படிப்பது? தேநீர்க் கடையில் ஒருவர் படித்துவிட்டு வைத்த தாளை இன்னொருவர் எடுப்பார். அதற்குக் கடவுச்சொல் வேண்டாம், மின்னேற்றம் வேண்டாம்.

இனி மூன்றாவது குறைவு. கொடிய குறைவு.

2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது போர் மூண்டது. இந்தியாவுக்குத் தாள் அனுப்பிவந்த பெருநாடுகளில் ரஷ்யா ஒன்று. அந்த வழி சிக்கலாயிற்று. கப்பல் கூலியும் ஏறியிருந்தது. பின்லாந்துக் காகிதத் தொழிலாளர்கள் அந்த ஆண்டின் தொடக்கம் முதல் ஏப்ரல் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். உரிமைக்காக நின்றார்கள், அவர்களை நாம் குறை சொல்லோம். ஆயினும் சந்தை இறுகிற்று என்பது உண்மை.

இந்தியாவுக்கு வந்த துன்பம் விலை. இலங்கைக்கு வந்த துன்பம் விலையும் நாணயமும். மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. தோழர்கள் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கட்டும். டாலரில் தாளின் விலை இரண்டு மடங்கு. ரூபாயில் டாலரின் விலை ஒன்றே முக்கால் மடங்கு. பெருக்கினால் மூன்றரை மடங்கு! நூறு ரூபாய்க்கு வாங்கிய தாளுக்கு முந்நூற்று ஐம்பது. அந்த முந்நூற்று ஐம்பதைக் கொடுக்கச் சித்தமாக இருந்தவருக்கும் வங்கியில் டாலர் கிடைக்கவில்லை. ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அந்த நாட்டு அரசே அறிவித்தது. கடனுக்கே டாலர் இல்லாத நாட்டில் காகிதத்துக்கு எங்கிருந்து வரும்?

சொந்த ஆலை உள்ளவன் தள்ளாடினான். சொந்த ஆலை இல்லாதவன் விழுந்தான். இரு நாட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நாம் கற்கவேண்டிய பாடம் இதுதான்.

டாலர் மட்டுமா தாளைத் தடுத்தது? இலங்கைத் தமிழருக்கு இன்னொரு கதையும் தெரியும். 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குள் பண்டங்கள் போவது சுருங்கியது. 'உதயன்' முதலிய தமிழ் ஏடுகள் தாளுக்கும் மைக்கும் தவித்தன, பக்கங்களைச் சுருக்கின. அதே ஆண்டு மே மாதம்தான் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டுக்கு அஞ்சாத ஏட்டையும் காகிதமின்மை வளைத்துப் பார்த்தது! கருத்தை நெரிக்க வேறு வழிகள் தேவையில்லை. ஒரு வண்டியை நிறுத்தினால் போதும், ஒரு வரியை ஏற்றினால் போதும், ஓர் ஒதுக்கீட்டைக் குறைத்தால் போதும்.

ஆகவே நாம் கேட்கிறோம்.

அறிவுக்கு எதற்குச் சுங்கம்? செய்தித்தாள் காகிதத்தின்மீது ஒரு விழுக்காடும் கூடாது என்பது நமது கோரிக்கை. உள்நாட்டு ஆலைகளைக் காக்கவே வரி என்பார்கள். ஆலையைக் காக்கவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை, ஆலை என்பது தொழிலாளியின் அடுப்பு அல்லவா! ஆனால் வரி போட்ட 2019க்குப் பிறகும் நின்ற ஆலை நின்றபடிதானே இருந்தது! நம் ஆலைகளில் பல, பழைய காகிதத்தைக் கூழாக்கித்தான் தாள் செய்கின்றன. அந்தப் பழைய காகிதத்திலும் ஒரு பங்கு கப்பலில் வருவதே. ஆலைக்கு வேண்டியது மூலப்பொருள், மலிவான மின்சாரம், நம்பி வாங்கும் வாடிக்கை. வாசிப்பவரின் பையிலிருந்து பிடுங்குவது ஆலைக்கு மருந்தாகாது.

அரிசிக்குக் கிடங்கு வைக்கிறோம். ஆலைகளில் ஒரு பொறியேனும் தேவைப்பட்ட நாளில் செய்தித்தாள் செய்யக் கூடியதாக இருக்கட்டும், சில மாதத் தேவைக்கான தாள் நாட்டுக்குள் இருப்பில் இருக்கட்டும் என்று கேட்பது பேராசையா?

பெரிய ஏடுகள் கப்பல் கணக்கில் வாங்கும், தள்ளுபடி பெறும். சிற்றேடு நடத்துபவர் இடைத்தரகரிடம் ஒன்றிரண்டு ரீல் வாங்குவார், உச்ச விலை கொடுப்பார். நெசவாளர் கூட்டுறவில் நூல் வாங்குகிறார். சிற்றேடுகளும் கூட்டுறவில் தாள் வாங்க மாநில அரசுகள் வழிசெய்யட்டும். கரண்டி ஆளுவோர் கையில் வேண்டாம், பெருமுதலாளி கையிலும் வேண்டாம், வாங்குவோர் கையிலேயே இருக்கட்டும்.

அண்டை நாடு விழுந்தபோது நம் கரம் நீளவேண்டும். 2022 மே மாதம் தமிழ்நாடு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பியது. இந்தியக் கடனுதவியில் வாங்கிய பொருளைக் கொண்டு 2023ஆம் ஆண்டுப் பள்ளிப் பாடநூல்களின் ஒரு பகுதி அங்கே அச்சானது. வயிற்றுக்கு அனுப்பிய கை, பிள்ளைகளின் படிப்புக்கும் உதவியது. அந்த நாட்டு ஏடுகளுக்கும், சிங்களமோ தமிழோ எதுவாயினும், இடர் வந்த நாளில் நம் ஆலைத் தாள் போகட்டும்.

நாளைக் காலையும் ஏடு வரும். தலைப்பைப் படியுங்கள், தலையங்கத்தைப் படியுங்கள். பிறகு ஒருமுறை அந்தத் தாளை விரலால் தடவிப் பாருங்கள். அதன் பின்னே ஒரு கயிறு தொங்குகிறது. ஒதுக்கீடு, சுங்கம், டாலர், முற்றுகை என்று அந்தக் கயிற்றுக்குக் காலத்துக்கு ஒரு பெயர்.

அதைப் பிடித்திருப்பது யார் என்று கேளுங்கள். படிப்பகத்தில் கேளுங்கள், சங்கத்தில் கேளுங்கள், வாக்குக் கேட்டு வருபவரிடமும் கேளுங்கள். கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தது ஏடு. அந்த ஏட்டுக்காக ஒரு கேள்வி கேட்பது நம் கடன்.